முள் அசையாத மூன்றாம் வாரம்

எடை குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு வீடு திரும்பிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அறுவைக்கு முன் அவருடைய எடை 120 கிலோகிராம். இரண்டே வாரங்களில் அது 113 கிலோகிராமாக இறங்கிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூன்றாம் வாரம் எடைப் பொறியின்மீது ஏறி நிற்கிறார், 113. மறுநாளும் 113. ஒரு வாரம் கழித்தும் அதே 113. உண்பதோ வேளைக்கு அரைக் கிண்ணம். காலையும் மாலையும் நடக்கவும் செய்கிறார். ஆனாலும் முள் அசைய மறுக்கிறது. ‘இவ்வளவு செலவும் வலியும் வீண்தானா?’ என்ற கலக்கம் அவரைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் உண்பதை மேலும் குறைத்துப் பட்டினி கிடக்கிறார்கள். வேறு சிலர், ‘இனி எதைத் தின்றால் என்ன?’ என்று மருத்துவர் விதித்த முறையைக் கைவிடுகிறார்கள். இரண்டுமே தீங்கு தருபவை. அந்த வாரத்தில் உடலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் இரண்டுக்கும் தேவையே இராது. அதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

அறுவையில் செய்வது என்ன?

இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றிக்கொண்டவர்கள் எடை குறைந்துபோவதை மருத்துவர்கள் நெடுநாட்களாகக் கண்டுவந்தனர். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன், இந்தக் குறையையே ஒரு மருத்துவமாக மாற்றலாமே என்று எண்ணினார். 1966ஆம் ஆண்டில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலுடன் இணைக்கும் மாற்றுவழி அறுவையை அவர் செய்தார். இன்று அது திருத்தமான வடிவில் செய்யப்படுகிறது. அதில் மிஞ்சும் பையின் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லி லிட்டர்தான்.

இன்று மிகுதியாகச் செய்யப்படும் மற்றொரு முறையில், இரைப்பையை நெடுக்காக வெட்டி, அதில் நான்கில் மூன்று பங்கோ அதற்குச் சற்று மிகுதியாகவோ அகற்றிவிடுகிறார்கள். சட்டைக் கை போன்ற ஒடுங்கிய குழாய் எஞ்சுகிறது. ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய இரைப்பை, 100 முதல் 150 மில்லி லிட்டர் கொள்ளும் குழாயாகிவிடுகிறது. அகற்றப்படும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவில் சுரக்கிறது. இதனை 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிவியலார் கண்டறிந்தனர். எனவே இந்த அறுவை இடத்தைக் குறைப்பதோடு பசியின் குரலையும் தாழ்த்துகிறது. ஆயினும் உடலிலுள்ள கொழுப்பில் ஒரு கிராம்கூட அறுவை மேசையில் அகற்றப்படுவதில்லை. அதைக் கரைப்பது பின்னர் வரும் மாதங்களின் வேலை.

முதல் இரு வாரங்களின் கணக்கு

அப்படியானால் முதல் இரு வாரங்களில் 7 கிலோகிராம் எப்படிக் குறைந்தது? அதில் பெரும்பங்கு நீர் என்பதே விடை.

நம் உடல் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கிளைக்கோஜன் என்ற பொருளாகச் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்கிறது. உணவு திடீரெனக் குறையும்போது உடல் முதலில் செலவிடுவது இந்தச் சேமிப்பைத்தான். 500 கிராம் கிளைக்கோஜன் தீர்ந்தால் 1,500 கிராம் நீரும் சேர்ந்து வெளியேறும். ஆக, கொழுப்பு அவ்வளவாகக் கரையாமலேயே முள் 2 கிலோகிராம் இறங்கிவிடுகிறது. குடலில் தங்கியுள்ள உணவு குறைவதும், உப்புக் குறைவதால் நீர் மேலும் கழிவதும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

கொழுப்பின் கணக்கு வேறு. உடற்கொழுப்பு 1 கிலோகிராம் கரைய ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் பற்றாக்குறை ஏற்பட வேண்டும். நம் நண்பர் நாளொன்றுக்கு 2,300 கிலோகலோரி செலவிட்டு, 700 கிலோகலோரி உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் பற்றாக்குறை 1,600. ஒரு வாரத்திற்கு 11,200. இதன்படி வாரத்திற்கு ஒன்றரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கொழுப்புக் கரைய முடியும். முதல் இரு வாரங்களின் வேகம் என்றும் நீடிக்கக்கூடியதன்று என்பது இதனால் விளங்கும்.

மூன்றாம் வாரம் ஏன் நிற்கிறது?

வாரத்திற்கு ஒன்றரைக் கிலோகிராமாவது குறைய வேண்டுமே, ஏன் ஒன்றுமே குறையவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் நீராகாரத்திலிருந்து மசித்த உணவுக்கு மாறுகிறார்கள். மாவுச்சத்துச் சற்றுக் கூடுகிறது. காலியான கிளைக்கோஜன் கிடங்கின் ஒரு பகுதி மீண்டும் நிரம்புகிறது. 250 கிராம் நிரம்பினால் அதனுடன் 750 கிராம் நீரும் சேரும். அதுவே ஒரு கிலோகிராம். மலச்சிக்கலும் அப்போது இயல்பு. பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டியும் உடலில் நீர் தங்கும். ஒருபுறம் கொழுப்புக் கரைந்து போக, மறுபுறம் அதே எடையுள்ள நீர் வந்து சேர்ந்தால் எடைப் பொறி என்ன காட்டும்? நின்ற இடத்திலேயே நிற்கும். எடைப் பொறிக்குக் கொழுப்பையும் நீரையும் பிரித்தறியத் தெரியாது.

பட்டினி மிகுந்தால் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1944-45ஆம் ஆண்டுகளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியலறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைவயிற்று உணவே கொடுத்து ஆராய்ந்தார். அவர்கள் பருமனானவர்கள் அல்லர். அவர்களுடைய எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றல் அதைவிட மிகுதியாக, சுமார் 40 விழுக்காடு, குறைந்தது. கால்களில் நீர் கோத்து வீக்கமும் கண்டது. வருவாய் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவதுபோல் உடலும் சுருக்கிக்கொள்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. முள் நின்றுவிட்டதே என்று மேலும் பட்டினி கிடப்பவருக்குக் கிடைப்பது தசை இழப்பும் சோர்வும்தான்.

உணவுப் படிகளைத் தாண்டலாமா?

அறுவைக்குப் பின் உணவு படிப்படியாகவே ஏறும். முதலிரு நாட்கள் தெளிந்த நீர்மங்கள். இரண்டாம் வாரம் முடியும்வரை பருப்புத் தண்ணீர், நீர்மோர், பால் போன்றவை. மூன்றாம், நான்காம் வாரங்களில் மசித்த உணவு. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் மென்மையான உணவு. பிறகு மெல்ல மெல்ல வழக்கமான உணவு. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாட்களில் சிறு வேறுபாடு இருக்கலாம், வரிசை இதுதான்.

இந்த வரிசை வெறும் கண்டிப்புக்காக ஏற்பட்டதன்று. வெட்டிய இரைப்பையை டைட்டேனியம் என்ற உலோகத்தாலான நுண்ணிய கொக்கிகள் இணைத்து நிற்கின்றன. முதற் சில நாட்களில் இணைப்பைத் தாங்குவது பெரும்பாலும் அக்கொக்கிகளே. அதன் பின்னரே கொலாஜன் என்னும் புரத நார்கள் உருவாகிக் காயத்தைப் பிணைக்கத் தொடங்குகின்றன. அந்த நார்கள் முறுக்கேறி வலுப்பெறப் பல வாரங்கள் வேண்டும். வெளியே தோலில் உள்ள சிறு தழும்புகள் ஆறிவிட்டதைக் கண்டு உள்ளேயும் எல்லாம் ஆறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பத்தாம் நாளில் யாரும் பாராமல் உண்ட ஒரு பிடி சோறு வாந்தியையும் நெஞ்சடைப்பையும் உண்டாக்கும். இணைப்பில் கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து.

உண்ணும் முறையிலும் சில செய்திகள் உள்ளன. சிறிது இடமே உள்ள பையில் முதலிடம் புரதத்திற்கு. நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். ஆகவே தயிர், பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றுடன் மருத்துவர் சொல்லும் புரத மாவும் தேவைப்படலாம். கஞ்சியால் மட்டும் பையை நிரப்பினால் கொழுப்போடு தசையும் கரையும். உணவோடு நீர் அருந்தாமல் அரைமணி இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுங்கள். மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர் இனிப்பை மிகுதியாக உண்டால், சர்க்கரை விரைந்து சிறுகுடலில் இறங்கி நீரை உள்ளே இழுக்கும். வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல், வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றும்.

ஆண்டுகளின் கணக்கு

நாட்களையும் வாரங்களையும் விட்டு ஆண்டுகளைப் பார்த்தால்தான் இந்த அறுவையின் முழு உருவம் தெரியும். சுவீடன் நாட்டில் 1987ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆய்வு, அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 பேரையும் செய்துகொள்ளாத அதே அளவினரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. லார்ஸ் சியோஸ்ட்ரோம் குழுவினர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளின்படி, மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்கள் முதலிரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 விழுக்காடு எடை குறைந்தனர். பத்தாண்டு முடிவில் அந்தக் குறைவு 25 விழுக்காடாக இருந்தது.

நம் நண்பருக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். 120 கிலோகிராம் 82 வரை இறங்கி, பின்னர் 90ஐ ஒட்டி நிலைகொள்ளலாம். மீண்டும் சில கிலோகிராம் ஏறுவது பெரும்பாலோர்க்கு நேர்வதே. அதனைத் தம் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. அறுவை செய்துகொள்ளாதவர்களின் எடையோ அத்தனை ஆண்டுகளிலும் ஏறத்தாழ இருந்தபடியே இருந்தது. அதைவிட முக்கியம், அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பும் குறைந்திருந்தது. இத்தகைய நெடுங்கணக்கில் மூன்றாம் வாரத்தின் ஏழு நாட்கள் எம்மாத்திரம்?

பொறுமை கூடாத இடங்கள்

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருளன்று. காய்ச்சல், மிகையான நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் ஆகியவை தோன்றினால் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாந்தி நாட்கணக்கில் தொடர்ந்தால் தயமின் என்ற வைட்டமின் குறைந்து மூளையே பாதிக்கப்படும். பார்வை இரட்டையாதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கு எடை குறையுமுன்னரே, சில நாட்களிலேயே, இரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம். பழைய அளவு மருந்தை மருத்துவரைக் கேளாமல் தொடரக் கூடாது.

வைட்டமின் மாத்திரைகளில் ஏமாற்றம் வேறு வகையில் வரும். பி12 வைட்டமின் கல்லீரலில் ஆண்டுக்கணக்குக்குப் போதுமான அளவு சேமிக்கப்பட்டிருக்கும். மாத்திரையை நிறுத்தியவருக்கு முதல் ஆண்டில் ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துச் சோகையும், கைகால் மரத்துப்போதலும் தோன்றும்போதுதான் தவறு விளங்கும். ஆகவே மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தேவை. மூன்றாம் மாதத்தை ஒட்டித் தலைமுடி கொட்டுவது பலரை அச்சுறுத்தும். அறுவையும் விரைந்த எடைக் குறைவும் மயிர்க்கால்கள் பலவற்றை ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குத் தள்ளுவதால் இது நேர்கிறது. புரதமும் இரும்புச்சத்தும் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் முடி மீண்டும் வளரும்.

எதைக் கொண்டு அளப்பது?

நாள்தோறும் எடைப் பொறியில் ஏறுவதை விட்டுவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பார்த்துக் குறித்து வாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை நாடாவால் அளந்து வையுங்கள். மாடிப்படி ஏறும்போது எந்தப் படியில் மூச்சு வாங்குகிறது, இரத்த அழுத்தம் எவ்வளவு, இரவில் உறக்கம் எப்படி என்பவற்றையும் எழுதுங்கள். முள் நின்ற வாரத்தில்கூட இவற்றுள் ஏதேனும் ஒன்று நகர்ந்திருப்பதைக் காண்பீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். ‘இன்று எவ்வளவு குறைந்தது?’ என்று காலைதோறும் கேட்காதீர்கள். ‘இன்னும் ஒரு வாய் சாப்பிடேன், இப்படியா கொறிப்பது?’ என்றும் வற்புறுத்தாதீர்கள். இரண்டும் அன்பினால் சொல்லப்படுவனவே; ஆயினும் இரண்டும் அவரை வருத்தும். மாலையில் அவருடன் சேர்ந்து அரைமணி நேரம் நடந்தால் அதுவே பேருதவி.

நம் நண்பரின் கதைக்கு வருவோம். அவர் பட்டினி கிடக்கவில்லை, முறையைக் கைவிடவுமில்லை. பருப்பையும் தயிரையும் மசித்து உண்டு, மாத்திரையை விழுங்கி, நடந்து வந்தார். ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் ஒரு காலை, தங்கியிருந்த நீர் வெளியேறியதும், எடைப் பொறி 110 காட்டியது. அந்த 3 கிலோகிராமும் அன்றிரவு குறைந்ததன்று. முள் அசையாமல் நின்ற நாட்களில் கரைந்த கொழுப்பைத்தான் அது அன்று காட்டியது.