மாத்திரைக்குள் மருந்து எவ்வளவு?



படவேட்டில் வாழை பயிரிடும் குடும்பத்துக்கு எடையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாபாரி தராசில் கை வைத்தால், "ஏம்பா, முள்ளைப் பாத்து நிறுத்துப் போடு" என்று அங்கேயே கேட்டுவிடுவீர்கள். ஆனால் மாத்திரையில் எடை குறைந்தால்? அட்டையில் 300 மில்லிகிராம் என்று அச்சடித்துவிட்டு, உள்ளே 150 மட்டும் வைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? நிறமும் அதேதான், கசப்பும் அதேதான். காய்ச்சல் விடாதபோதும் நாம் மருந்தைச் சந்தேகப்படுவதில்லை. "உடம்புக்கு ஒத்துக்கல", "சாமி குத்தம்" என்று சொல்லிக் கொள்கிறோம்.

இந்த ஏமாற்று வேலை நம் நாட்டில் ஒரு காலத்தில் தாராளமாக நடந்தது. அதை அரசு எப்படிப் பிடித்தது என்பதை நீங்கள் அறிந்து கொள்வது நல்லது.

கொய்னா கற்றுத்தந்த பாடம்

முறைக்காய்ச்சலுக்கு அந்த நாளில் இருந்த ஒரே நம்பகமான மருந்து கொய்னா. நீலகிரியில் சிங்கோனா மரம் வளர்த்து, அதன் பட்டையிலிருந்து நடுவட்டம் அரசுத் தொழிற்சாலையில் இம்மருந்தை எடுத்தார்கள். தேவை மிகுதி, விலையும் அதிகம். ஆகவே கலப்படக்காரர்கள் புகுந்தார்கள். சொன்ன அளவு கொய்னா இல்லாத மாத்திரைகள் கடைகளில் விற்கப்பட்டன. அரைகுறை மருந்து காய்ச்சலை அடக்குமே தவிர ஒழிக்காது. சில நாளில் மறுபடி குளிர் எடுக்கும்.

அப்போது சட்டமே இல்லையா? இருந்தது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் மருந்துக் கலப்படம் குற்றம்தான். ஆனால் விற்றவன் தெரிந்தே விற்றான் என்று மெய்ப்பிக்க வேண்டும். மாதிரி எடுக்க ஆய்வாளர் கிடையாது. எவ்வளவு இருந்தால் சரி என்று சொல்ல, நாடு முழுவதுக்கும் பொதுவான அளவுகோலும் கிடையாது. பிறகு எப்படிப் பிடிப்பது?

1930ல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் கர்னல் ஆர்.என். சோப்ரா அதன் தலைவர். 1931ல் அறிக்கை வந்தது. தரம் குறைந்த மருந்தும், உள்ளே ஒன்று மேலே வேறொன்று என்று எழுதிய மருந்தும் நாடெங்கும் விற்பதை அது எடுத்துக் காட்டியது. அப்படியும் மருந்துகள் சட்டம் 1940ல்தான் பிறந்தது. அதற்கான விதிகள் 1945ல் வந்தன. இந்திய மருந்துகளின் தர அளவு நூல் 1955ல் வெளியாயிற்று.

இப்போது எப்படிப் பிடிக்கிறார்கள்?

மருந்து ஆய்வாளர் கடைக்குப் போய் மாதிரி எடுக்கிறார். அதற்கு உரிய விலையையும் கொடுக்கிறார். மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரை வைக்கிறார். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று அந்த மருந்தைக் கடைக்காரருக்கு விற்றவருக்கு. பின்னால் யாரும், "இது என் சரக்கு இல்லை" என்று தப்பிக்க முடியாது. போலி மருந்தால் உயிர் போனால், 2008 திருத்தத்தின்படி பத்தாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம்.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ணாதீர்கள். 2025ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலர் மாண்டனர். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில், 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் இருந்தது. எந்தச் சரக்கில் நஞ்சு என்பதைக் காட்டியது பாட்டிலில் இருந்த தொகுதி எண்தான். பிறகு அந்தத் தொழிற்சாலையின் உரிமம் ரத்தாயிற்று.

உங்கள் வீட்டில் இது எங்கே வருகிறது?

கர்ப்பிணித் தாய் மாதக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். அதில் சத்து குறைந்தால் இரத்தம் ஏறாது, பிரசவத்தில் ஆபத்து. கருத்தடை மாத்திரையில் மருந்து குறைந்தால் வேண்டாத கர்ப்பம் உண்டாகலாம். அப்போது பழி யார் மேல்? "நீ ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்ட" என்று மனைவி மேல்தான். கணவன்மார்களே, அப்படிச் சொல்லும் முன் அட்டையையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்துக்கு வீணாக அஞ்ச வேண்டாம். 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தான் வாங்கும் மருந்துகளில் தொகுதிதோறும் மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே அனுப்புகிறது.

கடையில் வாங்கும்போது கவனியுங்கள்:

அட்டையில் மருந்தின் பெயர், அளவு, தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் இருக்க வேண்டும். எழுத்து சின்னதாக இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

உரிமம் உள்ள கடையிலேயே வாங்கி, பில் கேளுங்கள். துண்டுக் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரை வேண்டாம்.

அட்டையை வெட்டி வாங்கினால், தேதியும் எண்ணும் உள்ள பக்கத்தைப் பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

மாத்திரையை அடுப்பு மேல் பரணிலோ வெயில் படும் மாடத்திலோ வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் பட்டால் நல்ல மருந்தும் வலுவிழக்கும்.

மருந்தில் ஐயம் வந்தால் மீதியையும் அட்டையையும் எறியாதீர்கள். அவைதான் சாட்சி. அவற்றைக் கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவ அலுவலரிடமோ காட்டுங்கள். 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். நீங்கள் வாங்கிய மருந்தைக் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கவும் சட்டத்தின் 26ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. சந்தேகப்பட்டு மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்டு மாற்று மருந்து வாங்குங்கள்.

வாழைத்தாரை நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்கிறீர்கள். மருந்துக்கு அந்த முள் அட்டையில் இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து அதைப் பாருங்கள்.