காரை மறித்தால் டிக்கியைத் திறக்க வேண்டுமா? அமெரிக்காவில் இப்படியெல்லாம் தீர்ப்பு வந்திருக்கிறது, தெரியுமா?

அமெரிக்காவில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகளைப் போலீஸ் மறிக்கிறது தெரியுமா? 50,000க்கும் மேல்! வருடத்துக்கு 2 கோடிக்கும் மேல்! மறித்த வண்டிக்குள் கை வைக்கப் போலீஸுக்கு உரிமை உண்டா? அந்நாட்டு நீதிமன்றங்கள் சொன்ன பதில்களைப் படித்தால் தலை சுற்றும்!

கார் பிறப்பதற்கு முன்பே வந்த சட்டம்!

இத்தனை வழக்குகளுக்கும் அடிப்படை எது தெரியுமா? அரசியலமைப்பின் 4ஆவது திருத்தம். ஆங்கிலத்தில் வெறும் 54 சொற்கள்! காரணமில்லாமல் யாரையும் சோதனை போடக் கூடாது என்கிறது. நடைமுறைக்கு வந்தது 1791இல். கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டதோ 1886இல். சட்டம் 95 வருடம் மூத்தது!

சீட்டுக்குள் 68 பாட்டில்!

1921. மதுவிலக்குக் காலம். மிச்சிகனில் டெட்ராய்ட் போகும் சாலையில் ஒரு ஓல்ட்ஸ்மொபீல் காரை அதிகாரிகள் மடக்கினார்கள். சீட்டின் சாய்மானத்தைத் தொட்டால் கல் மாதிரி இருக்கிறது! கிழித்துப் பார்த்தால் பஞ்சுக்குப் பதில் விஸ்கியும் ஜின்னும், மொத்தம் 68 பாட்டில்! வாரண்ட் இல்லாமல் சோதித்தது செல்லுமா? செல்லும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 1925 தீர்ப்பு. வீடு நின்ற இடத்தில் நிற்கும். வாரண்ட் வாங்கி வருவதற்குள் கார் பறந்துவிடுமே! ஆனால், சந்தேகத்துக்கு வலுவான காரணம் கையில் இருக்க வேண்டும். தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? முன்னாள் ஜனாதிபதி வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட்! ஜனாதிபதி, தலைமை நீதிபதி என இரண்டு நாற்காலியிலும் அமர்ந்தவர் அமெரிக்க வரலாற்றில் அவர் ஒருவரே!

சக்கரம் வைத்த வீடு, வீடா வண்டியா?

படுக்கை, அடுப்படி எல்லாம் உள்ள மோட்டார் ஹோம் ஒன்று சான் டியாகோவில் நின்றுகொண்டிருந்தது. அது வீடா, வண்டியா? ‘வண்டிதான், வாரண்ட் வேண்டாம்!’ என்றது 1985 தீர்ப்பு. சரி, வீட்டை ஒட்டித் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திய மோட்டார் சைக்கிள்? அதுவும் வண்டிதானே! இல்லை, அங்கே வாரண்ட் கட்டாயம் என்றது 2018 தீர்ப்பு. நிற்கும் இடம் மாறினால் சட்டமே மாறுகிறது!

போலீஸுக்கே சட்டம் தெரியாவிட்டால்?

வடக்கு கரோலினாவில் ஒரு பிரேக் லைட் எரியவில்லை என்று காரை நிறுத்தினார் ஒரு போலீஸ்காரர். சோதனையில் கொகெய்ன் சிக்கியது. பிறகுதான் வந்தது வேடிக்கை! அந்த மாநிலச் சட்டப்படி ஒரு பிரேக் லைட் எரிந்தாலே போதுமாம்! அப்படியானால் நிறுத்தியதே தப்பு அல்லவா? அதுதான் இல்லை! நியாயமான தவறுதான், நிறுத்தியது செல்லும் என்றது 2014 தீர்ப்பு. 9 நீதிபதிகளில் 8 பேர் போலீஸ் பக்கம்!

7 நிமிடம் கூடினால் தப்பு!

மோப்ப நாய் காரைச் சுற்றி முகர்ந்தால் அது சோதனையா? இல்லையாம்! 2005 வழக்கில் மணிக்கு 65 மைல் வேக வரம்புள்ள சாலையில் 71 மைலில் போனவரை நிறுத்தி, ஒரு அதிகாரி எச்சரிக்கைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோதே இன்னொருவர் நாயைச் சுற்றவிட்டார். டிக்கியில் கஞ்சா! செல்லும் என்றது நீதிமன்றம். 2015இல் நெப்ராஸ்கா வழக்கு. சீட்டைக் கொடுத்து முடித்த பிறகும் நாய்க்காகக் காரை நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகப் போனது 7, 8 நிமிடம்தான்! தனிக் காரணம் இல்லாமல் அப்படி நிறுத்தி வைக்கக் கூடாது என்று தீர்ப்பு!

கோர்ட் ஏறிய ஆல்டோ!

ஆல்டோ யார் தெரியுமா? புளோரிடா போலீஸின் ஜெர்மன் ஷெப்பர்ட்! ஒரு டிரக்கின் கதவை மோந்துவிட்டு ‘இருக்கு’ என்று காட்டியது. உள்ளே 200 மாத்திரை, 8,000 தீக்குச்சி! எல்லாம் போதைப்பொருள் காய்ச்சும் சரக்கு. ஆனால் அவற்றை மோப்பம் பிடிக்க ஆல்டோவுக்குப் பயிற்சியே இல்லை! பிறகு அதே டிரக்கை மறுபடி நிறுத்தினார்கள். மறுபடியும் ‘இருக்கு’ என்றது. இந்த முறை ஒன்றுமே இல்லை! இருந்தும் 2013இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஆல்டோவின் மூக்கை நம்பியது!

50 டாலர் அபராதத்துக்குக் கைவிலங்கு!

டெக்ஸாஸில் சீட் பெல்ட் போடாமல் டிரக் ஓட்டினார் ஒரு தாய். கூடவே 3 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அதிகபட்ச அபராதமே 50 டாலர். ஆனால் என்ன நடந்தது? கைவிலங்கு மாட்டி லாக்கப்பில் வைத்தார்கள்! 2001இல் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தக் கைதும் செல்லும் என்றாகிவிட்டது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்!

காருக்கு வேண்டாம், செல்போனுக்கு வேண்டும்!

வாரண்ட் இல்லாமலே காரைச் சோதிக்க வழியுண்டு என்று பார்த்தோம். சட்டைப்பையில் உள்ள போனை? காலாவதியான பதிவுக்காக நிறுத்தப்பட்ட ஒருவரின் வழக்கில் 2014இல் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: கைதானவரின் போனாக இருந்தாலும் முதலில் வாரண்ட் வாங்கு! ஒரு டன் எடையுள்ள காரைவிடக் கையடக்கப் போனுக்குக் காவல் அதிகம்!

சாக்பீஸ் கோடும் சோதனையே!

எவ்வளவு நேரம் வண்டி நின்றது என்று பார்க்க டயரில் சாக்பீஸால் கோடு போடுவார்கள். மிச்சிகனின் சாகினா நகரில் 15 அபராதச் சீட்டு வாங்கிய ஒரு பெண் வழக்குப் போட்டார். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: அந்தக் கோடும் ஒரு சோதனைதான்! நாய் முகர்ந்தால் சோதனை இல்லை, சாக்பீஸ் பட்டால் சோதனையாம்!

மறுக்கலாம், ஆனால் சொல்லமாட்டார்கள்!

‘கொஞ்சம் வண்டியைப் பார்க்கலாமா?’ என்று போலீஸ் கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்ல உரிமை உண்டு. அப்படி ஒரு உரிமை இருப்பதைப் போலீஸ் சொல்லியே ஆக வேண்டுமா? தேவையில்லை என்றது 1973 தீர்ப்பு! சீட்டு எழுதி முடித்ததும் ‘நீங்கள் போகலாம்’ என்று சொல்ல வேண்டுமா? அதுவும் தேவையில்லை என்றது 1996 தீர்ப்பு! தெரிந்தவர் மறுக்கிறார், தெரியாதவர் டிக்கியைத் திறந்துவிடுகிறார். உங்கள் உறவினரோ நண்பரோ அமெரிக்காவில் கார் ஓட்டுகிறார்களா? இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள், இது தெரியுமா என்று!