‘சைனீஸ்’ என்றொரு சாப்பாடு சீனாவில் இல்லை

சென்னை–அரக்கோணம் பாதையில் எந்த ஊரில் இறங்கினாலும், இருட்டியதும் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டியின் அடுப்பு சீறத் தொடங்கிவிடும். திருவாலங்காடு, திருத்தணி பக்கமும் அப்படித்தான். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், சில்லி சிக்கன் எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் ‘சைனீஸ்’. இந்தப் பட்டியலை நம்பிச் சீனாவுக்கு விமானம் ஏறுகிறவர் முதல் வேளையிலேயே திகைத்துப்போவார்.

மஞ்சூரியா சீனாவின் வடகிழக்கு நிலப்பகுதி. அங்கே மஞ்சூரியன் கிடையாது. 1975-இல் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, மசாலாவுக்குப் பதில் சோயா சாஸும் சோள மாவும் சேர்த்தபோது அது பிறந்ததாகச் சொல்வார்கள். நம் வண்டிச் சமையலின் வேர் அதற்கும் முந்தியது. அது கொல்கத்தாவில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சியூ என்ற சீனர் அந்நகருக்கு அருகே கரும்பு பயிரிட்டு ஆலை வைத்தார். கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ள திருவாலங்காட்டுக்காரர்களுக்கு இது சுவையான செய்தியாக இருக்கும். அவர் பெயரால் அச்சிப்பூர் என்ற ஊர் இன்றும் உண்டு. பின்னால் சீனாவிலிருந்து வந்த ஹக்கா மக்கள் கொல்கத்தாவின் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டார்கள், உணவகங்களும் நடத்தினார்கள். ஆனால் சீனாவில் ஹக்காக்களின் தாயகங்களில் ஒன்றான மெய்சோவில் தேட வேண்டியவை வேறு: சூடான உப்பில் புதைத்து வேகவைத்த கோழி, இறைச்சிப் பூரணம் வைத்த டோஃபு.

சட்டியும் பழைய சோறும்

ஆனாலும் நம் வண்டி மாஸ்டரிடம் அசல் சீனத்து நுட்பம் ஒன்று இருக்கிறது. அது அந்தக் குழிந்த இரும்புச் சட்டி. மெல்லிய இரும்பு என்பதால் நொடியில் சூடேறும். அடி உருண்டையாக இருப்பதால் சோறு தானாகவே நடுவுக்குச் சரிந்து வரும். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஹங்டாங் கோ, டேவிட் ஹூ இருவரும் சமையல்காரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கைதேர்ந்தவர் நொடிக்குச் சுமார் 2.7 முறை சட்டியை வீசுகிறார் என்பது அவர்கள் கணக்கு. சட்டியைத் தொடும்போது சோறு வறுபடுகிறது; காற்றில் எழும்போது சற்று ஆறுகிறது. தீ எவ்வளவு கடுமையாக இருந்தாலும் கருகாமல் இருப்பது இதனால்தான்.

இதற்கு ஆறிய சோறுதான் ஏற்றது. ஆறும்போது மாவுச்சத்தின் மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. மேல்புறம் உலர்ந்து, பருக்கை பருக்கையாக உதிர்கிறது. ஜியாங்சு மாநிலத்தின் யாங்சோ நகரம் இந்த வறுத்த சோற்றுக்குப் பேர்போனது. அங்கே அதன் நிறம் வெளிறியிருக்கும். முட்டையும் இறாலும் தெரியும். சோயா சாஸில் கறுத்த சோற்றை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

கோதுமை நாடு, நெல் நாடு

சீனாவின் உணவை எட்டு மரபுகளாகப் பிரிப்பது வழக்கம். பயணிக்கு அதைவிட உதவுவது ஒரு கோடு. மேற்கே சின்லிங் மலைத்தொடர், கிழக்கே ஹுவாய் ஆறு. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் எல்லையும் இதை ஒட்டியே போகிறது. வடக்கே மழை குறைவு, கோதுமை விளையும், தெற்கே நெல்.

ஆகவே வடக்கே போனால் மாவுப் பண்டங்களைக் கேளுங்கள். லான்சோ நகரின் நூடுல்ஸுக்கு அச்சு கிடையாது, கத்தியும் கிடையாது. அப்பளத்துக்கு அப்பளக்காரம் சேர்ப்பதுபோல மாவில் ஒரு காரப்பொருள் சேர்க்கிறார்கள். பிறகு மாவை இழுத்து, மடித்து, மறுபடி இழுக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் இழை இரட்டிக்கிறது. எட்டாவது மடிப்பில் 256 இழைகள். ஹூய் முஸ்லிம்களின் கைவண்ணம் இது. குழம்பு மாட்டிறைச்சியில் ஆனது.

தெற்கே யுன்னானில் நூடுல்ஸ் அரிசியால் ஆனது. கொதிக்கும் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். மேலே எண்ணெய் படர்ந்திருப்பதால் ஆவியே தெரியாது. ஆறிவிட்டது என்று நினைத்துக் குடித்துவிடாதீர்கள், நாக்கு வெந்துவிடும். அந்த எண்ணெய்ப் படலம் சூட்டை அடைகாக்கிறது. மெல்லிதாக அரிந்த இறைச்சியும் காயும் உங்கள் கண்முன்னே அதில் வேகும்.

மிளகாய்க்கு முன்

திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த செப்பேடுகள் ராஜேந்திர சோழன் கடல்கடந்து கடாரம் வென்றதைச் சொல்கின்றன. அதே கடல்வழியில் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதுக்குழுக்கள் சீனாவின் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தத் தூதர்கள் இங்கும் மிளகாயைத் தின்றதில்லை, அங்கும் தின்றிருக்க முடியாது. அமெரிக்கக் கண்டத்தின் அந்தச் செடி 16-ஆம் நூற்றாண்டில்தான் இரண்டு நாட்டுக்கும் வந்தது. அதுவரை உறைப்புக்கு நமக்குக் கருமிளகு. மேற்குச் சீனாவின் சிச்சுவானுக்கு அதன் சொந்த மிளகு.

சிச்சுவான் மிளகு கருமிளகின் சொந்தமே அல்ல. எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. விதையை எறிந்துவிட்டுத் தோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதிலுள்ள சான்ஷூல் என்ற வேதிப்பொருள் சுவை நரம்பைவிடத் தொடு நரம்பையே சீண்டுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013-இல் அளந்தபோது, உதட்டில் அது எழுப்பும் துடிப்பு ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் அதிர்வுக்குச் சமமாக இருந்தது. இப்படி மரத்துப்போன நாக்கின் மேல் மிளகாய் வந்து இறங்குவதுதான் சிச்சுவானின் செங்டு நகரத்து மாபோ டோஃபு. ஆந்திர எல்லையில் காரம் தின்று பழகியவருக்கும் இது புது அனுபவம்.

கிழக்கே ஷாங்காயில் காரம் அடங்கி இனிப்பு தலைகாட்டும். அங்கே சியாவ்லாங்பாவ் என்ற ஆவியில் வெந்த சிறு கொழுக்கட்டைக்குள் சூப் இருக்கும். பன்றித்தோலைக் காய்ச்சிய சாறு ஆறினால் கட்டியாகும். அதைப் பூரணத்தோடு வைத்து மடிப்பார்கள். ஆவி பட்டதும் உருகிவிடும். முதலில் ஓரத்தைச் சிறிது கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டுத் தின்பதே முறை. தென்கோடிக் குவாங்டுங்கில் மசாலா இன்னும் குறையும். புதிதாகப் பிடித்த மீனை இஞ்சியும் வெங்காயத்தாளும் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். காலையில் தேநீரோடு டிம் சம் என்ற சிற்றுண்டித் தட்டுகள் வரும்.

சைவம் சாப்பிடுவோர்

கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் சைவ உணவுக்காரர்கள் சீனாவில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. விழிப்பு மட்டும் வேண்டும். காய்கறிப் பொரியலிலும் பன்றிக்கொழுப்போ சிப்பிச் சாஸோ இருக்கலாம். மாபோ டோஃபுவில் கொத்துக்கறி உண்டு. பாதுகாப்பான இடம் பௌத்தக் கோயில்களும் அவற்றை ஒட்டிய சைவ உணவகங்களும். அங்கே வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. கோதுமைப் புரதத்தையும் சோயாவையும் கொண்டு மீன், வாத்து வடிவில் செய்துவைப்பார்கள்; தோற்றத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். ‘இறைச்சி, மீன், சிப்பிச் சாஸ், விலங்குக் கொழுப்பு வேண்டாம்’ என்று சீன எழுத்தில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த ஊரில் இறங்கினாலும் ‘சைனீஸ் எங்கே கிடைக்கும்’ என்று தேடாமல், இந்த ஊர் மண்ணில் விளைவது எது, அதை இங்கே எப்படிச் சமைக்கிறார்கள் என்று கேளுங்கள். லான்சோவில் சோறும் குவாங்டுங்கில் காரமும் கேட்டு வாங்குகிறவருக்கு இரண்டாந்தரச் சாப்பாடுதான் கிடைக்கும்.