வயலில் கிட்டி, வீட்டில் கூண்டு!

சங்கராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவர் மூன்று ஏக்கரில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டிருக்கும் விவசாயி. கதிரைக் கடித்துப் போடும் எலிகளுக்காக வரப்பில் கிட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே மகளின் மடியில் ஓர் எலி. சென்னையிலிருந்து வந்த தாய்மாமன் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்த ஹாம்ஸ்டர். ரோஜா நிறத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கூண்டு, அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்பிச் சக்கரம்.

“பகலெல்லாம் தூங்குது. ராத்திரி பத்து மணிக்கு மேல கம்பியைக் கடிக்க ஆரம்பிச்சா விடிய விடிய அதே சத்தம். தீனி இருந்தும் கடிக்குது. பெரிய கூண்டு வாங்கணுமா, இல்ல விளையாட்டுச் சாமான் ஏதாவது வாங்கிப் போடணுமா? எங்க அம்மா வேற, எலி இருக்கிற வீட்டுக்குப் பாம்பு வரும், கொண்டுபோய்க் காட்டுல விடுங்கிறாங்க. பாப்பா அழுவுது” என்று கேட்டிருக்கிறார்.

மூன்று கேள்விகளுமே சரியான கேள்விகள்தான். பாட்டி சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

முதலில் இந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கடைகளில் அதிகம் விற்பது சிரியா நாட்டு ஹாம்ஸ்டர். 1930-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, அலெப்போ நகருக்குப் பக்கத்தில் ஒரு கோதுமை வயலைத் தோண்ட வைத்தார். சுமார் எட்டடி ஆழத்தில் ஒரு தாயும் 11 குட்டிகளும் கிடைத்தன. பல செத்தன, சில தப்பி ஓடின. மிஞ்சிய சிலவற்றின் வம்சம்தான் இன்று உலகம் முழுவதும் வீடுகளில் வளரும் சிரியா ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. ஆக, மகள் மடியில் இருப்பதும் ஒரு விவசாயியின் வயலில் இருந்து வந்த தானியத் திருடன்தான். கன்னத்தின் இரண்டு பக்கமும் பை மாதிரி இருக்கும்; அதில் தானியத்தை அடைத்துக்கொண்டு போய் வளையில் சேர்த்து வைக்கும். நம் வயலில் எலி வளையைத் தோண்டினால் நெற்கதிர் குவியலாகக் கிடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (சிலர் ஹாம்ஸ்டரை ‘வெள்ளெலி’ என்கிறார்கள். நம் வயல்களில் வெள்ளெலி என்று சொல்வது வேறு இனம். அதைப் பிடித்துக் கூண்டில் போட்டு வளர்க்கப் பார்க்காதீர்கள்.)

எட்டடி ஆழத்தில் வளை தோண்டி வாழ்ந்த ஒரு பிராணியை ஒரு சாண் உயர பிளாஸ்டிக் தரையில் விட்டால் அது என்ன செய்யும்? கம்பியைத்தான் கடிக்கும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஹாம்ஸ்டர்களைப் பிரித்து 10, 40, 80 சென்டிமீட்டர் என மூன்று ஆழங்களில் படுக்கை போட்டுத் தனித்தனியே வளர்த்தார்கள். 2006-ல் வெளிவந்த முடிவின்படி, 10 சென்டிமீட்டர் படுக்கையில் இருந்தவைதான் அதிகம் கம்பி கடித்தன. சக்கரத்திலும் அவைதான் அதிகம் ஓடின. ஆழமாகப் போட்ட இடத்தில் அவை வளை தோண்டிக்கொண்டன. எனவே நம் விவசாயிக்கு முதல் பதில்: அது பசியில் கடிக்கவில்லை. பொம்மை வாங்குவதற்கு முன்னால் மண்வெட்டி வேலைக்கு இடம் கொடுங்கள்.

கடையில் கிடைக்கும் மாடிவீடு, குழாய்ப் பாதை வைத்த வண்ணக் கூண்டுகள் குழந்தைகளின் கண்ணைக் கவர்வதற்காகச் செய்தவை. குழாய்க்குள் காற்றோட்டம் கிடையாது, கழுவ முடியாது, நாலு நாளில் கடித்து ஓட்டை போட்டுவிடும். ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை மந்தம். உயரம் தெரியாமல் மாடியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொள்ளும். அதனால் உயரமான கூண்டைவிட அகலமான கூண்டே நல்லது. ஜெர்மனியில் விலங்கு நலனுக்கான கால்நடை மருத்துவர்கள் அமைப்பு, குறைந்தது 100 சென்டிமீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. அதாவது மூன்றேகால் அடி நீளம், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம்.

இந்த அளவில் கடைக்கூண்டு வாங்கப் போனால் விலை கடிக்கும். வாங்கவும் வேண்டாம். ஒழுகுகிறது என்று தூக்கிப் போட்ட பழைய மீன் தொட்டி இருந்தால் அதுவே அருமையான வீடு; தண்ணீர் நிற்காத தொட்டியில் படுக்கை நிற்கும். இல்லையென்றால் ஊர்த் தச்சரிடம் பழைய பலகையில் ஒரு பெட்டி அடித்து, முன்பக்கம் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் உள்மூலைகளில் பல் பிடிக்கிற மாதிரி விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். மேல்பக்கம் முழுவதும் கம்பி வலை. கோழிக்கு அடிக்கும் அறுகோண வலை உதவாது. கால் அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் கேட்டு வாங்குங்கள். லவ் பேர்ட்ஸ் கூண்டு வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அதில் விடுபவர்கள் உண்டு. தலை நுழைகிற சந்தில் ஹாம்ஸ்டரின் உடம்பும் நுழையும். மறுநாள் காலையில் கூண்டு காலியாக இருக்கும். கம்பித் தரையும் வேண்டாம், பாதம் புண்ணாகும்.

படுக்கையாக என்ன போடலாம்? பாதிப் பெட்டிக்காவது ஒரு முழங்கை ஆழம் வரும்படி போட வேண்டும். அச்சடிக்காத காகிதத்தைக் கிழித்துப் போடலாம். அதோடு நன்றாகக் காய்ந்த, மருந்து அடிக்காத வைக்கோலைத் துண்டாக நறுக்கிக் கலந்தால் வளை சரியாமல் நிற்கும். நெல் உமி தூசி கிளப்பும். வாசனை வீசும் பைன், தேவதாரு மரச்சீவல் மூச்சுக் குழாய்க்கு ஆகாது. இந்தப் பக்கத்து வீடுகளில் நடக்கக்கூடிய பெரிய தப்பு ஒன்று உண்டு. பருத்தி எடுக்கிற வீடுதானே என்று மெத்தென்று பஞ்சை வைப்பது. பஞ்சு இழை காலில் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். கன்னப் பையில் அடைத்து விழுங்கினால் குடல் அடைக்கும். பஞ்சு மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி விளையாட்டுச் சாமான். முக்கியமானது சக்கரம். காட்டில் இரை தேடி ஓடும் பிராணி என்பதால் ஓரிரவில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். சக்கரம் கூண்டு எலியின் பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி: நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திறந்த வெளியில் சும்மா ஒரு சக்கரத்தை வைத்துக் கேமரா பொருத்தினார்கள். காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. 2014-ல் இது வெளியானது. ஆனால் மாமா வாங்கி வந்த உள்ளங்கைச் சக்கரத்தில் ஓடினால் முதுகெலும்பு வில்லாக வளையும். சிரியா ஹாம்ஸ்டருக்குக் குறைந்தது 20 சென்டிமீட்டர் விட்டம் வேண்டும், 25-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. ஓடும்போது முதுகு நேராக இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அளவுகோல். ஓடுதளம் சந்தில்லாத தகடாக இருக்க வேண்டும். கம்பிச் சக்கரத்தில் கால் மாட்டி முறியும். ஹாம்ஸ்டரை உள்ளே போட்டு உருட்டிவிடும் பிளாஸ்டிக் பந்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். காற்று போகாது, எங்கே இடிக்கிறோம் என்று அதற்கும் தெரியாது.

சக்கரம் தவிர மற்றதெல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது. கொட்டாங்குச்சியின் கண்ணை நுழைகிற அளவுக்குப் பெரிதாக்கி, விளிம்பை மழுங்கத் தேய்த்துக் கவிழ்த்தால் ஒரு குடிசை. இரண்டு கணு மூங்கிலை நடுவில் குடைந்தால் ஒரு சுரங்கப் பாதை. மெருகு போடாத மண் கலயத்தைச் சாய்த்துப் புதைத்தால் கோடைக்கான குளுகுளு அறை. பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி என்பதால் கடித்துத் தேய்க்க கொய்யாக் குச்சி போடுங்கள். அரளி, எருக்கு, உண்ணிச்செடி குச்சிகள் விஷம். ஒரு மூலையில் சலித்து, வறுத்து, ஆறவைத்த ஆற்று மணலைத் தட்டில் வைத்தால் புரண்டு குளித்துக்கொள்ளும். தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது. தீனியைக் கிண்ணத்தில் கொட்டுவதைவிட, படுக்கை மேல் தூவிவிட்டால் தேடித் தேடிச் சேர்க்கும். காசில்லாத விளையாட்டில் இதுவே முதலிடம்.

தீனி என்றதும் மக்காச்சோளம் போடும் வீட்டுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் இன்னோர் ஹாம்ஸ்டர் இனம் உண்டு. ஒரு காலத்தில் விவசாயிகள் அடித்துக் கொன்ற அந்த இனம் 2020-ல் அழிவின் விளிம்பில் உள்ள பட்டியலுக்குப் போய்விட்டது. அது ஏன் குறைகிறது என்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வாளர்கள் பார்த்தபோது, மக்காச்சோளத்தையே முக்கியமாகத் தின்ற தாய்கள் தம் குட்டிகளையே தின்றன. வைட்டமின் பி3 பற்றாக்குறைதான் காரணம். அந்தச் சத்தைச் சேர்த்ததும் தாய்கள் ஒழுங்காகக் குட்டிகளை வளர்த்தன. 2017-ல் வெளியான ஆய்வு இது. அதனால் வீட்டில் மூட்டை மூட்டையாக இருக்கிறதே என்று மக்காச்சோளத்தை மட்டும் போடாதீர்கள். கம்பு, தினை, கோதுமை, கல்வராயன் மலையிலிருந்து வரும் சாமை எல்லாம் கலந்து, வாரம் ஒருநாள் வேகவைத்த முட்டைத் துணுக்கும் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, மிக்சர் கூடாது.

பாட்டியின் பயத்துக்கு வருவோம். கூண்டிலிருந்து சிந்தும் தானியம் வீட்டெலியை இழுக்கும், எலியைத் தேடி நாகமும் கண்ணாடி விரியனும் வரும். இது வெறும் பயமல்ல. கூண்டு தரையில் இருக்கக் கூடாது. சுவரை ஒட்டாமல் மேசை மேல் வையுங்கள். குழந்தைகள் பாய் விரித்துப் படுக்கும் அறையில் வேண்டாம். சிந்தியதை அன்றாடம் கூட்டுங்கள், தீனியை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பும் ஏறாது. வீட்டெலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், கூண்டுக்குப் பக்கத்தில் அதன் நடமாட்டம் இருக்கவே கூடாது. ஹாம்ஸ்டரைத் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். வீட்டில் எலி மருந்து கலந்து வைக்கும் பழக்கம் இருந்தால், தப்பியோடும் ஹாம்ஸ்டருக்கும் அதே கதிதான்.

ஆனால் பாட்டி சொல்வதுபோலக் காட்டில் விடுவது தீர்வல்ல. கூண்டிலேயே பிறந்து வளர்ந்தது ஓர் இரவுகூடத் தாங்காது.

பாம்பைவிட நிச்சயமாக வரப்போகிற ஆபத்து வெயில். 30 டிகிரியைத் தாண்டினாலே ஹாம்ஸ்டர் திணறும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசி மதியம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலேயே குளிர்ச்சியான மூலைக்குக் கூண்டை மாற்றுங்கள். உள்ளே ஒரு தரை ஓட்டுத் துண்டு போடுங்கள். கூண்டின் ஒரு பக்கத்தில் ஈரத்துணி தொங்கவிடுங்கள். தண்ணீர்க் குப்பி அடைத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். துவண்டு கிடந்தால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் காட்ட வேண்டும். தகர டிரங்குப் பெட்டியைக் கூண்டாக்க நினைப்பவர்கள் கோடையை நினைத்து விட்டுவிடலாம்.

ஜோடி சேர்க்கலாமா என்று மகள் கேட்பாள். கடைக்காரரும் ஜோடியாகத்தான் வளரும் என்பார். சிரியா ஹாம்ஸ்டர் தனிக்கட்டை. இரண்டை ஒன்றாகப் போட்டால் ஒன்று மற்றொன்றைக் கடித்துக் கொன்றுவிடும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் பதினாறே நாளில் குட்டிகள். ஆயுள் இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடம் என்பதையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஆழமான படுக்கைக்கு மாற்றிய முதல் வாரத்தில் ஹாம்ஸ்டர் கண்ணிலேயே படாது. மகள் செத்துப்போச்சு என்று அழலாம். அதற்காக வளையைத் தோண்டாதீர்கள். இரவில் பத்துச் சூரியகாந்தி விதையை எண்ணி மேலே வையுங்கள். காலையில் விதை இல்லையென்றால் கீழே ஆள் நலம். இரண்டு நாள் விதை அப்படியே கிடந்தாலோ, வால் பக்கம் ஈரமாகக் கழிந்திருந்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். கழிச்சல் இரண்டே நாளில் உயிரைக் குடிக்கும்.