டிக்கெட் கேட்காத ஏழு நாள்

தெற்குச் சென்னைத் தெருக்கள் – 17

சென்ற வாரம் வேளச்சேரி ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அங்கிருந்து ரயில் ஏறுகிறோம். மார்கழி முடிந்து தை பிறக்கிற அந்த ஏழெட்டு நாளில் கிடைப்பதுபோலப் பாட்டும் ஆட்டமும் வருஷத்தில் வேறெப்போதும் சென்னையில் இலவசமாகக் கிடைப்பதில்லை. விடிகாலையில் மாட வீதி பஜனை, உச்சிவேளையில் சபா கச்சேரி, சாயங்காலம் தெரு நிறையக் கோலம், இருட்டியதும் கடற்கரையில் பறையும் கரகமும். எதற்கும் டிக்கெட் கிடையாது. போய்ச்சேர முடிந்தால் போதும். அப்படிப் போய்ச்சேர்வதுதான் வேளச்சேரிக்காரர்களுக்கு நெடுங்காலம் பிரச்சினையாக இருந்தது.

கடற்கரை நிலையத்திலிருந்து கிளம்பிய பறக்கும் ரயில் 1997இல் மயிலாப்பூரைத் தொட்டது. திருவான்மியூர் வர 2004 ஆனது. வேளச்சேரிக்கு வந்தது 2007 நவம்பரில். அதுவரை மயிலாப்பூரில் ஒரு கச்சேரிக்குப் போனால் மங்களம் வரை உட்கார முடியாது. கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு துக்கடா ஆரம்பிக்கும்போதே வாசலில் செருப்பைத் தேட வேண்டும். இன்று ஐந்து ரூபாய்ச் சீட்டு எடுத்து ஏறினால் பெருங்குடி, தரமணி என்று வரிசையாகக் கடந்து, கோட்டூர்புரத்தை ஒட்டி அடையாற்றைத் தாண்டி, மந்தைவெளிக்கு அடுத்ததாகத் திருமயிலை வந்துவிடும். இறங்கி நடந்தால் கொஞ்ச தூரத்தில் குளம், கோபுரம், மாட வீதி.

மார்கழி விடியலைக் கேட்க மயிலாப்பூர்தான் போக வேண்டும் என்றில்லை. வேளச்சேரி தண்டீசுவரர் கோயிலிலும் திருவெம்பாவை உண்டு, சுடச்சுடப் பொங்கலும் உண்டு. ஆனால் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மாட வீதிகளில் நடக்கும் பஜனைக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. தஞ்சை ஜில்லா போலகத்தில் 1890இல் பிறந்த பாபநாசம் சிவன், மயிலாப்பூருக்கு வந்த பிறகு மார்கழி தோறும் இந்த வீதிகளில் பாடிக்கொண்டே வலம் வந்தார். தியாகராஜ பாகவதர் படங்களுக்குப் பாட்டெழுதி நாடு முழுக்கப் பேரெடுத்த மனிதர், 1971இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், பனியில் தெருவில் நடந்து பாடினார். அவர் 1973இல் மறைந்தார். பஜனை நிற்கவில்லை. மஃப்ளர் சுற்றிய பெரியவர்களும் தூக்கக் கலக்கத்தோடு வந்த குழந்தைகளும் ஜால்ராவோடு இன்றும் வருகிறார்கள். முன்னால் போகிறவர்கள் ஓர் அடியை எடுக்க, பின்னால் வருகிறவர்கள் அதையே வாங்கிப் பாட வேண்டும். நீங்களும் நானும் சேர்ந்துகொள்ளலாம், யாரும் யாரென்று கேட்க மாட்டார்கள். கேட்பவரும் பாடுபவர் ஆகிவிடுகிற இடம் இது. எனக்கு இந்த வாரத்தில் மிகவும் பிடித்த நிகழ்ச்சி எது என்றால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

இனி சபாக்கள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதோடு சேர்த்து ஓர் இசை மாநாடும் நடந்தது. அதில் பிறந்த யோசனைதான் 1928இல் மியூசிக் அகாடமி ஆயிற்று. இசை விழா இன்று டிசம்பரில் நடக்கிறது. அகாடமியின் கச்சேரிகள் புத்தாண்டோடு முடிந்துவிடும், மற்ற சபாக்களில் பொங்கல் வரைக்கும்கூட ஓடும். சாயங்காலக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வேண்டும், அதுவும் பெரிய பெயராக இருந்தால் முன்கூட்டியே வாங்க வேண்டும். மதியக் கச்சேரிக்குப் பெரும்பாலான சபாக்களில் காசு இல்லை. கிழக்கு மாட வீதியில் இருக்கும் பாரதிய வித்யா பவனில் எந்த வேளையானாலும் நேராக உள்ளே போய் உட்காரலாம். லஸ்ஸில் ராக சுதா அரங்கம் இருக்கிறது. அங்கே ‘நாத இன்பம்’ நடத்தும் கச்சேரிகளில் மைக் கிடையாது. அரங்கம் சின்னது என்பதால் குரல் குரலாகவே வந்து சேரும். தம்பூராவின் ரீங்காரம் கடைசி வரிசைவரை கேட்கும். ஒலிபெருக்கிக்குப் பழகிப்போன காது முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் திணறும், பிறகு இறங்கிவிடும்.

மதியக் கச்சேரியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மேடையில் இருப்பவருக்கு இருபது வயது இருக்கலாம். பட்டுப் புடவை அல்லது புது வேட்டி. முதல் வரிசையில் அம்மாவும் குருவும். கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். அதற்குள் வர்ணம், இரண்டு சிறிய கீர்த்தனை, ஓர் ஆலாபனை, பிரதான உருப்படி, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம், கடைசியில் ஒரு துக்கடா என்று எல்லாம் அடங்க வேண்டும். மூத்த வித்வான்கள் மூன்று மணி நேரத்தில் செய்வதைப் பாதியில் செய்யச் சொல்கிறோம். ராகத்தை விரித்துக்கொண்டு போகும்போதே கண் கடிகாரத்துக்குப் போவதைப் பார்க்கலாம். கீழே இருப்பவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். சிறிய நோட்டில் ராகத்தின் பெயரையும் தாளத்தையும் குறித்துக்கொண்டே வருவார்கள். பிள்ளைகள் தப்பாகப் போனால் முகம் சுளிக்காமல், நல்ல பிடி ஒன்று விழுந்தால் ‘பேஷ்’ என்று சத்தமாகச் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்காக மேடையில் இருக்கும் பிள்ளை ஒரு வருஷம் உழைத்திருக்கிறது.

மதியத்தில் பாடுகிறவர்களுக்குக் கிடைக்கும் சன்மானம் சொற்பம். பல சமயம் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் அவர்கள் வீட்டிலிருந்துதான் கொடுக்கிறார்கள். பாட்டு உலகில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆக, நமக்கு இலவசமாகக் கிடைக்கும் அந்தக் கச்சேரிக்கு உண்மையில் பணம் கட்டுவது மேடையில் இருக்கும் பிள்ளையின் குடும்பம். நாம் திருப்பிக் கொடுக்கக் கூடியது காதை மட்டும்தான். அதனால் ஒரு வேண்டுகோள்: தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து கேன்டீனுக்குப் போகாதீர்கள். மிருதங்கக்காரரும் கடக்காரரும் கச்சேரி முழுக்கக் காத்திருந்தது அந்தப் பத்து நிமிஷத்துக்காக. காபியும் போண்டாவும் எங்கேயும் போய்விடாது.

ஜனவரி முதல் பாதியில் ஒரு வார இறுதியை மயிலாப்பூர் திருவிழா எடுத்துக்கொள்ளும். ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ என்ற பேட்டைப் பத்திரிகை ஆரம்பித்து, சுந்தரம் ஃபைனான்ஸ் ஆதரவில் வளர்ந்த விழா. இதில் நான் தவறவிடாதது வடக்கு மாட வீதிக் கோலப் போட்டி. ரோட்டில் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். பள்ளிச் சிறுமியும் இருப்பாள், எழுபதைத் தாண்டிய பாட்டியும் இருப்பார். ‘பதினைந்து புள்ளி, எட்டு வரை, ஊடுபுள்ளி’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அந்தப் பாட்டி மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விடும்போது இழை எங்கும் தடிக்காமல் மெலியாமல் விழும். தார் ரோடு சாணி தெளித்த வாசலைப் போல வழுவழுப்பாக இருக்காது, கல் துருத்தும். அதற்கேற்ப விரலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார். அபார்ட்மென்ட் வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டும் எங்கள் பேட்டையிலிருந்து போகிற எனக்கு அந்தக் கைகளைப் பார்ப்பதே பெரிய பாடம்.

அதே விழாவின் கச்சேரிகள் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் நடக்கும். அமிர்தாஞ்சன் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் இருக்கும் பூங்கா. முன்பு அங்கே ஆரத்தா குட்டை என்றொரு குளம் இருந்ததாம். நடைப்பயிற்சிக்கு வந்தவர் பாட்டைக் கேட்டு நின்று, பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிவரை எழுந்திருக்காமல் இருப்பதை அங்கேதான் பார்க்கலாம்.

இப்போது பூங்காவில் பாட்டு சகஜம். பறைக்கும் கரகத்துக்கும் நகரப் பூங்காக்கள் திறந்தது 2007இல், வேளச்சேரிக்கு ரயில் வந்த அதே வருஷம். கனிமொழியும் ஜெகத் கஸ்பரின் தமிழ் மையமும் சேர்ந்து ஆரம்பித்த சென்னை சங்கமம் அது. ஊர்த் திருவிழாக்களில் ஆடிக்கொண்டிருந்த கலைஞர்களை அழைத்து வந்து மாநகரின் பூங்காக்களிலும் மைதானங்களிலும் ஆட வைத்தார்கள். 2011 ஆட்சி மாற்றத்தோடு நின்றது. 2023 பொங்கலுக்கு அரசின் கலை பண்பாட்டுத் துறை ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்று அதை மறுபடி ஆரம்பித்தது. நகரத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களில் நான்கு நாள் மாலைகளில் நடந்தது, இப்போது ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கிறது. ஒரு விழா ஆட்சியோடு வருவதும் போவதும் நல்லதில்லை. கலைஞர்களின் பிழைப்பு அதில் கட்டப்பட்டிருக்கிறது.

அந்தப் பிழைப்பைப் புரிந்துகொள்ள அவர்களுடைய காலண்டரைப் பார்க்க வேண்டும். கிராமக் கோயில் கொடைகளும் திருவிழாக்களும் பெரும்பாலும் தையில் தொடங்கி ஆடியோடு முடிகின்றன. அதற்குப் பிறகு, குறிப்பாக ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, நையாண்டி மேளக்காரருக்கும் கரகாட்டக்காரருக்கும் வேலை கிடைப்பது அபூர்வம். சங்கமம் அந்த வறண்ட மாதங்களின் முடிவில் வருகிறது. அதற்காகத்தான் பொங்கலன்று வீட்டில் இல்லாமல் பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே வந்து ஆடுகிறார்கள். நமக்கு விடுமுறைப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு வருஷத்தின் முதல் வரும்படி.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் மேடைக்குப் பின்னால் ஒரு சுற்று போய் வாருங்கள். பறைக்காரர்கள் காகிதத்தையும் வைக்கோலையும் கொளுத்தி அந்த நெருப்பில் பறையைக் காட்டிக் காட்டித் திருப்புவார்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும், காய்ச்சினால்தான் இழுத்துக்கொண்டு ‘கணீர்’ என்று பேசும். விரலால் தட்டிப் பார்த்து, போதாதென்றால் மறுபடி காட்டுவார்கள். பக்கத்திலேயே தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டிருப்பார். துணியைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்துக் கல்லாக இறுக்கிய கூடு. சென்னைக் குழந்தைகள் சுற்றி நின்று கேள்வி கேட்கும்போது அவர் ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார். மேடையில் நடப்பதற்குக் குறையாத பாடம் அங்கே நடக்கிறது.

அந்தக் கடற்கரையின் வடகோடியில்தான் ஊரூர் ஆல்காட் குப்பம். 2015இல் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் குப்பத்து மக்களும் மற்ற நண்பர்களும் சேர்ந்து அங்கே ஒரு விழா எடுத்தார்கள். எல்லையம்மன் கோயில் முன்னால் மேடை போட்டு, கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் ஒரே மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக. சபாவுக்கு வெளியே பாட்டைக் கொண்டுபோவது பற்றி அன்றைக்குப் பெரிய விவாதம் நடந்தது, சிலர் கோபித்துக்கொண்டார்கள். மீன் வலைக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அந்த விவாதம் தேவைப்படவில்லை. சபா வாசலில் காவலாளி யாரையும் தடுப்பதில்லைதான். ஆனாலும் உள்ளே வரத் தயங்குகிறவர்கள் இந்த ஊரில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இலவசம், வாருங்கள் என்று சொல்வது போதாது. அவர்கள் தெருவுக்குப் பாட்டு போக வேண்டும். ஆல்காட் குப்பம் அதைச் செய்து காட்டியது. பின்னாளில் அந்த விழா சென்னைக் கலைத் தெரு விழா என்று வளர்ந்தது.

வாரத்தின் கடைசி நாள் காணும் பொங்கல். மெரினாவிலும் எலியட்ஸிலும் கால் வைக்க இடமிருக்காது. குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸார் கட்டிவிடுவார்கள். கலை நிகழ்ச்சி பார்க்க அது நல்ல நாளில்லை, முந்தைய மூன்று நாளில் பார்த்துவிடுங்கள்.

மறுபடி போய்ச்சேர்வதற்கு வருவோம். 2021 மே மாதத்திலிருந்து மாநகர சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதன் பலனைச் சபா மதியங்களில் கண்ணால் பார்க்க முடிகிறது. முன்பெல்லாம் ‘போக வர நாற்பது ரூபாய் ஆகுமே’ என்று வீட்டிலேயே இருந்துவிட்ட அம்மாக்கள் இன்று பத்து மணிக்குச் சமையலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் முட்டி வலியோடு பறக்கும் ரயில் நிலையத்தின் உயரமான படிகளில் ஏற முடியாதவர்கள் இருக்கிறார்கள், ராத்திரி எட்டு மணிக்குப் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு திரும்பத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மயிலாப்பூரும் பெசன்ட் நகரும் இன்னும் தூரம்தான்.

ஐ.டி. கம்பெனிகள் வந்து, பெரிய மால் வந்து, வயல்கள் எல்லாம் அடுக்குமாடிகளாகி, வேளச்சேரியில் ஜனம் குவிந்துவிட்டது. பேர் சொல்லும்படி ஒரு சபா இங்கே வேரூன்றவில்லை. குடியிருப்போர் சங்கங்கள் பொங்கலுக்கு நடத்தும் உறியடியும் மியூசிக்கல் சேரும் எனக்குப் பிடிக்கும், அவை தொடரட்டும். அதோடு ஒரு மாலைக்கு ஒரு நாதஸ்வர கோஷ்டியையோ பறைக் குழுவையோ அழைத்தால் என்ன? சங்கமத்துக்காக அவர்கள் எப்படியும் சென்னையில்தான் இருக்கிறார்கள். மாநகராட்சி விளையாட்டு மைதானம் கேட்டால் கிடைக்கும். மேடைகூட வேண்டாம், பறைக்கும் கரகத்துக்கும் மண் தரைதான் பழக்கம். அடுத்த மார்கழிக்கு முன்னால், அதாவது புரட்டாசியிலேயே, சங்கங்கள் கூடிக் கலை பண்பாட்டுத் துறைக்கும் வார்டு கவுன்சிலருக்கும் எழுதிக் கேட்க வேண்டும். தண்டீசுவரம், விஜயநகர், ஏ.ஜி.எஸ். காலனி என்று தனித்தனியாக எழுதாமல் ஒரே மனுவாகக் கொடுத்தால் நல்லது. சம்பாவனையாக வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டாலும் ஒரு குழுவுக்குக் கௌரவமாகக் கொடுக்கலாம்.

அடுத்த வாரம் திருவான்மியூரில் இறங்குவோம்.

(தொடரும்)