போத்தலில் பெயர் பொறிக்கலாமா?

தட்டையான பலகையில் லேசரால் பெயர் பொறிப்பது எளிது. அதே கருவியின் கீழே தண்ணீர்ப் போத்தலை வைத்தால் நடு எழுத்துகள் கூர்மையாக விழும். ஓரத்து எழுத்துகள் மங்கிவிடும். ஏன்? 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள போத்தலில், உச்சியிலிருந்து பக்கவாட்டில் 20 மில்லிமீட்டர் தள்ளினால் மேற்பரப்பு 6 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. (பித்தகோரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்.) ஒளி குவியும் புள்ளியோ இறங்குவதில்லை.

ஆகவே, வீட்டில் கருவி செய்பவர்கள் லேசரைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் போத்தலை உருட்டுகிறார்கள். பொறிக்கும் இடம் எப்போதும் உச்சியிலேயே இருக்கும். படி மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகரும். ஒவ்வொரு படியையும் 16ஆகப் பிரித்தால் 3,200. போத்தலின் சுற்றளவு ஏறக்குறைய 220 மில்லிமீட்டர். எனவே மில்லிமீட்டருக்குச் சுமார் 14.5 படிகள். இந்த எண்ணைத்தான் ஆர்டுயினோ பலகைக்குக் கொடுக்க வேண்டும்.

போத்தலை மோட்டார் அச்சில் நேரடியாகப் பொருத்தினால், போத்தல் மாறும்போதெல்லாம் கணக்கும் மாறும். இரண்டு உருளைகள்மேல் கிடத்திச் சுழற்றினாலோ உருளையின் சுற்றளவு தெரிந்தால் போதும். எனக்குப் பிடித்தது இதுதான். வழுக்காமலிருக்க ரப்பர் வளையம் மாட்டுங்கள்.

ஆனால், பளபளக்கும் போத்தல் ஒரு குவியாடி. கதிரைப் பல திசைகளில் திருப்பிவிடும். 5 வாட் நீல லேசர் கண்ணிமைக்கும் முன்பே விழித்திரையைப் பொசுக்கிவிடும். வெயில் கண்ணாடி காப்பாற்றாது. அந்த அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய பெட்டி, அருகில் ஆசிரியர் ஆகிய மூன்றும் இல்லாமல் மின்சாரத்தை இணைக்காதீர்கள். பிவிசி குழாயைத் தொடவே வேண்டாம். சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு நச்சுப்புகை வரும். முதல் முயற்சிக்கு, லெமாங் செய்யும் மூங்கிலில் கணு இல்லாத ஒரு துண்டு போதும்.