கிண்ணத்தில் முதிரும் கருமுட்டை

மத்ரஸா ஆசிரியனிடம் மருத்துவ வினாவா என்று வியவாதீர்கள். ஈக்காட்டுத்தாங்கலில் பிள்ளையை ஓத அழைத்து வரும் தாயொருவர் தம் தங்கைக்காகக் கேட்டார்: “ஹஜ்ரத், கருமுட்டையை முதிராமலே எடுத்து, வெளியே முதிர வைக்கிறார்களாமே, மார்க்கம் அதை ஏற்குமா?” தங்கைக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிகள், மணமாகி எட்டாண்டுகளாகியும் மழலைச் செல்வம் இல்லை.

சகோதரிகளே, சோதனைக் குழாய் முறையில் வழக்கமாகப் பல நாட்கள் ஹார்மோன் ஊசி போட்டு, முட்டைகளை உடலுக்குள்ளேயே முதிரச் செய்து எடுப்பார்கள். 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்த நாள் முதல், நம்மூர்ப் பெண்கள் பலர் இதனை அறிவர். ஆனால் நீர்க்கட்டி உள்ளோர்க்கு அவ்வூசிகளால் சினைப்பை அளவு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே இடர் நேர்வதுண்டு. முதிராத முட்டையை எடுத்து, ஹார்மோன் கலந்த ஊட்டநீரில் ஓரிரு நாள் வைத்து முதிரச் செய்தால் ஊசிகள் பெரிதும் குறையும்.

முயலின் முட்டை வெளியே எடுத்ததும் தானாகவே முதிரத் தொடங்குவதை 1935லேயே பிங்கஸ் கண்டறிந்தார். பின் ஹார்மோன் எதற்கு? உட்கரு முதிர்வது மட்டும் போதாது; முட்டையின் ஏனைய பகுதியும் கருவைத் தாங்கும் பக்குவம் பெற வேண்டும். முட்டையை மொய்த்திருக்கும் சிற்றணுக்களே ஹார்மோனின் செய்தியைப் பெற்று உள்ளே அனுப்புகின்றன. அவற்றை முன்னரே நீக்கிவிட்டால், எவ்வளவு ஹார்மோன் சேர்த்தும் பயன் சிறிதே.

கசாப்புக் கூடத்தில் கழித்துப் போடும் எருமைச் சினைப்பையும் வீணன்று. அதன் முட்டைகளை இவ்வாறு முதிரச் செய்தே, கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தார் 1990இல் கன்று பிறக்கச் செய்தனர்.

மனிதரில் முதல் வெற்றி 1991இல் தென் கொரியாவில் கிட்டியது. ஆனால் அது வேறொரு பெண்ணின் முட்டை. 1994இல் ஆஸ்திரேலியாவில் டிரவுன்சன் குழுவினர், நீர்க்கட்டி உள்ள பெண்ணின் சொந்த முட்டையிலேயே வெற்றி கண்டனர். இவ்வேறுபாடு நமக்கு முக்கியமானது. கணவன் மனைவியின் அணுக்களே சேர வேண்டும், மூன்றாமவர் நுழையலாகாது என்பதே 1980இல் அல் அஸ்ஹர் அளித்த ஃபத்வா. வெற்றி வாய்ப்பு வழக்கமான முறையைவிடக் குறைவு என்பதையும் அறிந்து கொள்ளுங்கள்.

ஹார்மோன் எதிலிருந்து வந்தது என்னும் ஐயமும் நியாயமே. கால்நடை ஆய்வுக்கூடங்களில் பன்றியின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தது புழங்குவதுண்டு. மனித மருத்துவத்தில் பயன்படுவதோ பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தது அல்லது மரபணு முறையில் ஆக்கியது. தமக்குத் தருவது எது என மருத்துவரிடம் கேட்டறிந்து, அதன்பின் உலமாக்களிடம் செல்லுங்கள்.